நட்சத்திரம் விழுந்த ஆறும் விழாத ஒன்றும்

கேள்வி: எனக்கு 29 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். முதல் பிள்ளை, இப்போது 27 வாரம். போன கிழமை வெள்ளவத்தையில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில், கிளினிக்கில் எழுதித் தந்த இரத்தப் பரிசோதனைகளைப் பக்கத்து லேபில் செய்தேன். ரிப்போர்ட்டில் ஆறு இடத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.4, எம்.சி.வி. 66, வெள்ளையணு 13,400, பிளேட்லெட் 138,000, ஈ.எஸ்.ஆர். 54, அல்கலைன் பொஸ்படேஸ் 171. சீனி மட்டும் நல்லபடி, வெறும் வயிற்றில் 96. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கணவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று கேட்கிற அளவுக்குப் பயந்துபோயிருக்கிறார். மாமி பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் அடித்துத் தருகிறா. இரும்புக் குளிசை போட்டால் வயிறு எரிகிறது. கணவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி முதல் கிளினிக்கிலேயே எழுதினார்கள். "பிள்ளை உன் வயிற்றில், என் இரத்தம் எதற்கு?" என்று அவர் போகவே இல்லை. என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, டாக்டர்?
– பெயர் வேண்டாம், கொழும்பு 13

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு நட்சத்திரத்தையும் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் விழுந்திருக்கிறது. கணவரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். பிளேட்லெட்டைச் சுற்றிப் போட்ட வட்டம், தாள் கிழியாத குறை. சீனியின் 96க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன 'சரி'.

எனக்கு அந்தச் 'சரி'தான் சரியாகப் படவில்லை.

வட்டம் போட்ட ஆறில் மூன்றை நீங்கள் மறந்துவிடலாம். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மிச்சம் இரண்டும் சேர்ந்து ஒரே கதையைத்தான் சொல்கின்றன, அந்தக் கதை முடிய உங்கள் கணவரின் இரத்தம் வேண்டும். ஆனால் மூன்று கிழமை காத்திருக்காமல் இந்தக் கிழமையே பார்க்க வேண்டியது, வட்டம் விழாத அந்தச் சீனி.

இந்த நட்சத்திரம் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். லேபில் உங்கள் பெயரையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கணினியில் அடிக்கிறார்கள். இயந்திரம் எண்ணைக் கொடுக்கிறது. கணினி அந்த எண்ணை, வளர்ந்த பெண்ணுக்கு என்று ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் எல்லையோடு ஒப்பிட்டு, வெளியே போனால் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறது. அதற்கு நீங்கள் 29 வயதுப் பெண் என்பது தெரியும். வயிற்றில் ஏழாம் மாதப் பிள்ளை இருப்பது தெரியாது. பெரும்பாலான லேப்களின் தாளில் கர்ப்பிணிக்கென்று தனி எல்லை அச்சாவதில்லை. அதோடு, அந்த எல்லைகளே சுகதேகிகளில் நூற்றுக்கு 95 பேரை உள்ளே வைத்து வரைந்தவை. ஒரு குறையும் இல்லாத ஆளுக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இருபதில் ஒரு பங்கு வெளியே விழ வாய்ப்பு இருக்கிறது. ஒரே நாளில் இருபது விஷயம் பார்த்தால் எங்காவது ஒரு நட்சத்திரம் விழுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கர்ப்பத்தில் உடம்பு தன் கணக்கையே மாற்றி எழுதுகிறது. சில எண்கள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. அதனால் பிழை இரண்டு பக்கமும் நடக்கும். சாதாரணமான எண்ணுக்கு நட்சத்திரம் விழும், கவனிக்க வேண்டிய எண்ணுக்கு விழாமல் போகும். முதலாவதால் வீட்டில் அழுகை. இரண்டாவதைப் பற்றி யாரும் அழுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

உங்கள் லேபின் தாளில் வெறும் வயிற்றுச் சீனிக்கு 70 முதல் 100 வரை என்று அச்சடித்திருக்கிறது. 96 அதற்குள் வருகிறது, ஆகவே நட்சத்திரம் இல்லை. உங்கள் கணவருக்கு 96 வந்திருந்தால் நானும் 'சரி' போட்டிருப்பேன். கர்ப்பிணிக்கு அந்தக் கோடு 92. இரவு முழுக்கப் பிள்ளை உங்கள் இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொண்டே இருப்பதால், காலையில் ஒரு கர்ப்பிணியின் சீனி மற்றப் பெண்களைவிடக் கீழேதான் இருக்க வேண்டும். இந்த 92 யாரோ மனம்போன போக்கில் போட்ட எண் இல்லை. ஒன்பது நாடுகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. சாதாரணம் என்று அதுவரை நினைத்திருந்த அளவுக்குள்ளேயே தாயின் சீனி ஏற ஏற, பிள்ளையின் நிறையும் பேற்றுச் சிக்கலும் ஏறுவதை அது காட்டியது. அதை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல், வெறும் வயிற்றில் 92 முதல் 125 வரை இருந்தாலே கர்ப்பகால நீரிழிவு என்று வரையறுத்தது. உங்கள் 96 அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. வெறும் வயிறு என்றால் உண்மையிலேயே வெறும் வயிறா? எங்கள் ஆட்களுக்கு பிளேன்டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. "ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர், ஒரு பிளேன்டீ மட்டும்" என்று சொன்ன தாய்மார் எத்தனை பேர்! அதில் இரண்டு கரண்டி சீனி. நீங்களும் அன்று காலை மாமியின் பேரீச்சம்பழத்தைக் குடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த 96க்கு ஒரு பொருளும் இல்லை. எட்டு மணித்தியாலம் தண்ணீர் தவிர ஒன்றும் எடுக்காமல் போயிருந்தால் அது மெய்யான எண்.

எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்கிற குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை உங்களுக்கு இன்னும் செய்யப்படவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். உங்களுக்கு இப்போது 27. மூன்று கிழமை காத்திருந்தால் 30 ஆகிவிடும். உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு இன்றே ஒரு கோல் எடுத்து 96 என்ற எண்ணைச் சொல்லுங்கள், அல்லது ரிப்போர்ட்டோடு நேரே கிளினிக்குக்குப் போங்கள். முறைவரவில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். உங்கள் டாக்டர் இந்த ஒரு எண்ணை வைத்தே முடிவெடுக்கலாம், அல்லது முழுப் பரிசோதனையையும் செய்துவிட்டுச் சொல்லலாம்.

முழுப் பரிசோதனை என்றால் இதுதான்: வெறும் வயிற்றில் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், தொண்டையில் ஒட்டும் இனிப்பு. குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத் தரச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் சுலபமாக இறங்கும். வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான். ஒரு மணித்தியாலத்தில் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை இரத்தம். எல்லைகள் 92, 180, 153. மூன்றில் ஒன்று தொட்டாலும் போதும். இடையில் காலி வீதியில் ஒரு கடைக்குப் போய் வருகிறேன் என்று எழும்பக் கூடாது, நடந்தால் சீனி இறங்கிக் கணக்குப் பிழைத்துப் போகும். இன்னொன்று, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்துப் பட்டினி கிடக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, 'பாஸ்' ஆவதற்காம். இது ஓ.எல். சோதனை இல்லை. வழமையாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கர்ப்பகால நீரிழிவு என்றே முடிவானாலும் மனம் உடையத் தேவையில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஹோர்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மறிக்கின்றன, அதனால்தான் இது ஏழாம் மாதத்தை அண்டி வெளிப்படுகிறது. நீங்கள் இனிப்புச் சாப்பிட்டதற்கான தண்டனை இல்லை. கவனிக்காமல் விட்டால் பிள்ளை அளவுக்கு மேல் கொழுத்துப் பேறு கடினமாகலாம், பிறந்த கையோடு பிள்ளையின் சீனி சட்டென்று இறங்கலாம். கவனித்தால் பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டை மாற்றியே சமாளித்துவிடலாம். ஒரு நேரத்தில் குவித்துச் சாப்பிடும் சோற்றைப் பிரித்து, சிவப்பரிசி, மரக்கறி, பருப்பு, மீன் என்று தட்டை மாற்றி, சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடந்தால் எவ்வளவோ இறங்கும். காலையில் பாணும் ஜாமும் வேண்டாம். சிலருக்கு மெற்போமின் குளிசையோ இன்சுலின் ஊசியோ தேவைப்படும். ஊசி என்றதும் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று கேட்பார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒருதரம் திரும்பவும் சீனி பார்க்க வேண்டும். அதற்குத்தான் பலர் வருவதே இல்லை. பிள்ளையின் தடுப்பூசிக் கார்டைத் தொலைக்காமல் வைத்திருக்கிற அம்மாவுக்குத் தன் சீனி மறந்துபோகும்.

மாமியிடமும் ஒரு சொல். பேரீச்சம்பழச் சாறு என்பது இப்போதைக்கு உங்களுக்குச் சீனிப்பாணிதான். பீட்ரூட்டின் சிவப்பைப் பார்த்து இரத்தம் ஊறும் என்று நம்புகிறோம், ஆனால் அதில் இரும்பு கொஞ்சம்தான். நெத்தலி, முட்டை, இறைச்சி, கௌபி, பயறு, கீரையில் தேசிக்காய் பிழிந்து, என்று கேளுங்கள். மாமிக்கும் சமைத்துத் தந்த திருப்தி இருக்கும். ஈரல் மட்டும் வேண்டாம், அதில் விற்றமின் ஏ கர்ப்பிணிக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது.

நட்சத்திரம் விழாமல் தப்புகிற இன்னொன்று கிரியற்றினின், சிறுநீரகம் வெளியேற்றுகிற ஒரு கழிவு. கர்ப்பத்தில் சிறுநீரகம் அதிகமாக வேலை செய்வதால் அது 0.5, 0.6 என்று இறங்கி நிற்க வேண்டும். ஒரு கர்ப்பிணிக்கு 1.0 வந்தால் தாள் 'நோர்மல்' என்று சொல்லும், நான் திரும்பப் பார்க்கச் சொல்வேன். உங்களுடையது 0.5. அந்தக் கவலை இல்லை.

இனி மறந்துவிடக் கூடிய மூன்று. வெள்ளையணு 13,400 என்பது 27 வாரத்தில் சாதாரணம். கர்ப்பத்தில் 15,000, 16,000 வரைகூடப் போகும், பேற்று நோவு வரும்போது அதையும் தாண்டும். கணவருக்குப் புற்றுநோய்ப் பயத்தைக் கிளப்பியது இதுவாகத்தான் இருக்கும். காய்ச்சல், சலம் கழிக்கையில் எரிவு, துர்நாற்றமான வெள்ளைபடுதல் என்று ஏதாவது இருந்தால்தான் கிருமித் தொற்றைத் தேட வேண்டும். ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணுக்கள் குழாயின் அடியில் படியும் வேகம், கர்ப்பிணிக்கு எடுப்பதே வீண் என்பது என் அபிப்பிராயம். இரத்தத்தில் பைப்ரினோஜன் என்ற உறையவைக்கும் புரதம் கூடுவதால் அது தானாகவே ஏறிவிடுகிறது, அதிலிருந்து ஒன்றையும் படிக்க முடியாது. லேபில் 'பக்கேஜ்' என்று மொத்தமாக எடுக்கும்போது இதுவும் கூட வந்துவிடுகிறது, கூடவே ஒரு நட்சத்திரமும். இதை இவ்வளவு தெரிந்து சொல்கிற நானே, என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஈ.எஸ்.ஆர். 60 என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு தூங்கவில்லை. விடிந்ததும் என் ஆசிரியை தாளைப் பார்க்காமலே "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான் வைத்தியம்.

அல்கலைன் பொஸ்படேஸை ஈரல் பழுதின் அடையாளம் என்று போன் சொல்லியிருக்கும். அதை உங்கள் நஞ்சுக்கொடியே சுரக்கிறது. கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு ஏறினாலும் தப்பில்லை. ஆனால் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற மற்ற இரண்டு ஈரல் எண்களும் கர்ப்பத்தால் ஏறுவதில்லை. அவற்றில் நட்சத்திரம் விழுந்தால் கர்ப்பத்தின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உங்களுக்கு இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும், அதுவும் இரவில், தாங்க முடியாமல் அரித்தால் மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பித்த அமிலம் என்று வேறொரு பரிசோதனை இருக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது பிளேட்லெட், இரத்தம் உறைய உதவும் அணுக்கள். முதல் கிளினிக்கில் 212,000, இப்போது 138,000. கர்ப்பம் முற்ற முற்ற இது கொஞ்சம் இறங்குவது வழமை. நூறு கர்ப்பிணிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு 150,000க்குக் கீழே போகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது, பிள்ளை பிறந்ததும் தானாக ஏறிவிடும். 100,000க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். சில வேளை இயந்திரமே ஏமாறும். குழாயில் இருக்கும் மருந்துக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால், இயந்திரம் கட்டியை ஒன்றாக எண்ணிக் குறைத்துச் சொல்லும். பிளட் பிக்சர் எடுத்து ஒருவர் நுணுக்குக்காட்டியில் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த மாதம் ஒருதரம் எண்ணிப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

இரண்டு நேரத்தில் மட்டும் இந்த எண்ணை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒன்று, பிரஷர் 140/90ஐத் தொட்டு, விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்றில் நோ, முகவீக்கம் என்று வந்தால். அன்றைக்கு ரிப்போர்ட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே பிரசவ விடுதியுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்று காய்ச்சல். நாங்கள் இருப்பது கொழும்பில். ஒரு மழை பெய்து பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது, முதல் நாளே காட்ட வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு வலிமருந்து வீட்டில் யார் தந்தாலும் போட வேண்டாம். அப்படி நடந்தால் உங்கள் பிளேட்லெட் வழமையிலேயே 138,000தான் என்பதையும் சொல்லுங்கள், விடுதியில் அவர்களுக்கு அது மிகவும் உதவும்.

இப்போது கடைசி இரண்டு, ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஒரே தேயிலையில் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் விட்ட மாதிரிதான், சாயம் வெளிறித் தெரியும். அதனால்தான் நடு மூன்று மாதத்தில் 10.5 வரை ஏற்றுக்கொள்கிறோம், முன்னும் பின்னும் 11. உங்கள் 10.4 ஒரு நூல் குறைவு. இது மட்டும் என்றால் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள் என்று சொல்லி விட்டிருப்பேன்.

எம்.சி.வி. 66 என்பதுதான் என்னை நிறுத்துகிறது. எம்.சி.வி. என்றால் ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் சிவப்பணுக்கள் மிகவும் சிறியவை. அதற்கு நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டே காரணம், இரும்புக் குறைவு அல்லது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைத் தனக்கு வராமலே காவும் தன்மை. எது என்று ஊகிக்க உங்கள் தாளிலேயே ஒரு துப்பு இருக்கிறது. சிவப்பணு எண்ணிக்கை 5.1 மில்லியன், நட்சத்திரம் விழாமல் ஓர் ஓரத்தில் இருக்கிறது. இரும்பு இல்லாத உடம்பு சிறிய அணுக்களைக் குறைவாகச் செய்யும். தலசீமியா காவும் உடம்பு சிறிய அணுக்களை ஏராளமாகச் செய்யும். 66ஐ 5.1ஆல் வகுத்துப் பாருங்கள், 13க்குச் சற்றுக் கீழே வருகிறது. 13க்குக் கீழே என்றால் தலசீமியா பக்கம் சந்தேகம் கூடும். இது துப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். பெரிற்றின் பார்த்தால் இரும்புக் கையிருப்புத் தெரியும், 30க்குக் கீழே என்றால் குறைவு. ஹீமோகுளோபின் ஏ2 என்ற பரிசோதனையில் 3.5 வீதத்துக்கு மேல் என்றால் தலசீமியா காவுகிறீர்கள். இரும்பு மிகவும் குறைந்திருந்தால் ஏ2 பொய்யாக இறங்கிக் காட்டும், ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காவுவது வருத்தம் இல்லை. இலங்கையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர் பீட்டா தலசீமியாவைக் காவுகிறார்கள். பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். கொஞ்சம் இரத்தம் குறைந்து இருப்பார்கள், அவ்வளவுதான். இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் வேலையில் புதிதாக இருந்த காலம். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைப்பேறு முழுக்க இரும்புக் குளிசை கொடுத்தேன், ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டவே இல்லை. குளிசையைக் குப்பையில் போடுகிறாய் என்று ஏசியும் விட்டேன். அவ ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. மூன்றாவது பிள்ளைக்கு வேறொரு டாக்டர் ஏ2 எழுதினார், தலசீமியா காவி. ஒரு நாளும் தவறாமல் குளிசை போட்டிருக்கிறா. சின்ன அணுவைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அந்தக் குனிந்த தலைதான் நினைவுக்கு வரும்.

அதற்காக, நீங்கள் இப்போது குளிசையை நிறுத்திவிடாதீர்கள். பெரிற்றின் வரும்வரை போடத்தான் வேண்டும். வயிறு எரிவுக்கு வழி இருக்கிறது. கிளினிக்கில் இரும்பு, கல்சியம், விற்றமின் சி என்று மூன்று நான்கு பொதி தந்திருப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே விழுங்கில் போட்டு முடிப்பவர்கள்தான் அதிகம். கல்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு, இரும்பை விற்றமின் சியோடு இரவு படுக்கப் போகுமுன் போடுங்கள். வெறும் வயிற்றில் எரிந்தால் இலேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். தேநீர் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். அப்படியும் தாங்க முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடவோ, வேறு வகை இரும்புக்கு மாற்றவோ முடியும்.

இனி உங்கள் கணவர். பிள்ளை உங்கள் வயிற்றில்தான், ஆனால் பாதி அவருடையது. நீங்கள் மட்டும் காவுகிறீர்கள் என்றால், பிள்ளைக்கு அதிகபட்சம் உங்களைப் போலக் காவும் தன்மை வரலாம், அதோடு சரி. அவரும் காவுகிறார் என்றால், நாலில் ஒரு வாய்ப்பில் பிள்ளைக்குப் பெரிய தலசீமியா வரலாம். அந்தப் பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுக்க, இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தில் சேரும் இரும்பை வெளியே எடுக்கத் தனி மருந்து. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளை பிறந்தபின் எப்போது, எதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் திட்டம் போட்டு வைப்பார்கள். அடுத்த பிள்ளையை யோசிக்கும்போதும் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. உங்கள் தங்கைக்கோ அவருடைய தம்பிக்கோ கலியாணம் பேசுமுன் சாதகத்தோடு இதையும் பார்க்கலாம். அவருக்கு இல்லை என்று வந்தால், இந்தப் பக்கம் முழுவதையும் மறந்துவிட்டுத் தூங்கலாம்.

ஆண்கள் இதற்குப் பின்வாங்குவது புதிதில்லை. 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லை' என்பதுதான் முதல் பதில், அது உண்மையும்கூட. காவுபவருக்கு வருத்தம் இருக்காது, அதனால்தான் இரத்தத்தில் தேடுகிறோம். சண்டை பிடிக்காமல் கூட்டிப்போக ஒரு வழி சொல்கிறேன். குளுக்கோஸ் குடித்துவிட்டு நீங்கள் இரண்டு மணித்தியாலம் அந்த வாங்கிலில் அசையாமல் இருக்கத்தான் போகிறீர்கள். துணைக்கு அவரை வரச் சொல்லுங்கள். ஏ2 எழுதித் தந்த துண்டையும் மறக்காமல் பையில் வையுங்கள். எங்கே இலவசமாகச் செய்யலாம் என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வைத்தால் அலைச்சல் இல்லை. அவருக்கு ஒரே ஒரு குழாய்தான், இரண்டு நிமிடம். வெறும் வயிறும் தேவையில்லை, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டே வரட்டும். உங்கள் முன்னால் வைத்துச் சாப்பிடாமல் இருந்தால் சரி.